வெள்ளைப் புல்லும் கரி நெருப்பும்

(நீலகிரியின் குளிர்காலத்தைக் குறித்து ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீலகிரி மலையில் குளிர்காலம் எப்படி இருக்கும், அங்குள்ள ஜனங்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். உங்களில் அநேகர் சமவெளியில் வாழ்கிறவர்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊட்டிக்கு வந்து, ரோஜாத் தோட்டத்தையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள். மே மாதத்தில் நீங்கள் பார்த்த மலை வேறு. ஜனவரி மாதத்தில், விடிவதற்கு முன் இருக்கும் மலை வேறு. அந்த இரண்டாவது மலையைத்தான் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. குளிர் செய்யும் தீங்கை எல்லாரும் ஓரளவு அறிவார்கள். ஆனால் குளிருக்குப் பயந்து நாம் செய்கிற ஒரு காரியம், குளிரைவிடச் சீக்கிரமாய் உயிரைப் பறித்துவிடும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க மாட்டேன்.

பெய்யாத பனி

குளிர்கால மலை என்றதும், காலண்டர் படங்களில் பார்த்த ஐரோப்பாவின் பனிமலைகள் பலருக்கு நினைவுக்கு வரும். நீலகிரியில் அப்படிப் பனி பெய்வதில்லை. எப்போதாவது ஆலங்கட்டி மழை பெய்து தரை வெளுத்துப் போவதுண்டு, அவ்வளவுதான். எங்கள் மலையில் வருவது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதல்ல. தரையிலேயே, புல்லின் நுனியிலேயே உண்டாவது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் சுமார் 8,650 அடி. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால், 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே மேட்டுப்பாளையத்தில் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிற அதே இரவில், ஊட்டியில் இரண்டு கம்பளி போர்த்தியும் கால் சூடேறாமல் புரண்டுகொண்டிருப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் நவம்பரில் முதலில் நீர்ப்பனி இறங்கும். அதன் பின் டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி. சில வருஷங்களில் அது பிப்ரவரி வரை நீடிக்கும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவினாற்போல வெளுத்திருக்கும். நிறுத்திவைத்த வண்டிகளின் கண்ணாடி மேல் ஐஸ் படிந்திருக்கும். வாளியில் மறந்துபோன தண்ணீரின் மேல் கண்ணாடி போன்ற ஏடு கட்டியிருக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் எல்லாம் கரைந்து, புல் மட்டும் பழுப்பாய் நிற்கும். பகலில் இருபது டிகிரி வரை வெயில் காயும். அதே நாள் இரவில் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும்.

அழகான இரவே கவனிக்கவேண்டிய இரவு

உறைபனி எப்படி உண்டாகிறது என்று கேட்பீர்கள். பகலெல்லாம் வெயிலில் சூடேறிய தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது ஒரு கம்பளியைப் போல மேலே நின்று, சூட்டில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மேகம் இல்லாத இரவில் அந்தக் கம்பளி இல்லை. காற்றும் அசையாமல் இருந்தால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்து, அதன் கீழே ஓடையோரம் இருக்கும் தோட்டம் கருகிப்போவதைப் பார்க்கிறோம்.

வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் வைப்பார்கள். அதில் மூன்று டிகிரி என்று காட்டும்போதே, புல் மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கக் கூடும். ‘ஊட்டியில் மூன்று டிகிரி’ என்று செய்தியில் கேட்டால், தரையை ஒட்டி நிற்கும் செடிக்கும், தரையில் பாய் விரித்துப் படுக்கிற மனிதருக்கும் அதைவிடக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மலையில் வாழ்கிறவர்கள் மேகமூட்டமான இரவைக் கண்டு பயப்படுவதில்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற, இலைகூட அசையாத, மிக அழகான இரவைப் பார்த்துத்தான், ‘இன்றைக்குப் பனி இறங்கும்’ என்று சொல்லி எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது மகிழ்ச்சியான இரவு. விவசாயிக்கோ அது தூக்கமில்லாத இரவு.

போர்வை கற்றுக்கொண்ட மலை

இந்தக் குளிரோடு வாழ மலையே முதலில் கற்றுக்கொண்டது. நீலகிரியின் மேல்பகுதியில் சோலைக் காடுகள் மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்பதையும், அவற்றைச் சுற்றி மேடுகளில் புல்வெளி பரந்து கிடப்பதையும் கவனித்திருப்பீர்கள். சோலை மரத்தின் நாற்று திறந்தவெளியில் முளைத்தால் உறைபனி பெரும்பாலும் அதைக் கொன்றுவிடும். மரங்களின் நிழலில் முளைத்தாலோ, மேலே இருக்கும் இலைக்கூரை மேகத்தைப் போலவே சூட்டைக் காத்துக் கொடுக்கும். சோலை தன் இடத்தைவிட்டு எளிதில் பரவாமல் இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

மனிதர்களும் கற்றுக்கொண்டார்கள். தோடர்களின் மந்துகளில் பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பாதியாய்ப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போல, மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டப்பட்ட வீடு. வாசல் மிகச் சிறியது. குனிந்தும் தவழ்ந்தும்தான் உள்ளே போகவேண்டும். குளிர்காற்றுக்கும் காட்டு மிருகத்துக்கும் அந்த வாசல் ஒரே தடுப்பு. இன்று பெரும்பாலான தோடர் குடும்பங்கள் காரை வீடுகளில்தான் இருக்கின்றன. ஆனால் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த புத்துக்குளி என்ற கனத்த போர்வை இன்றும் அவர்கள் தோளில் இருக்கிறது. அந்தப் பூவேலைக்கு 2013-ம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குளிர்காலம் என்றால் மலை ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடங்கிக் கிடப்பதாக எண்ணிவிடாதீர்கள். கடுங்குளிரான டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் படுகர் சமூகத்தார் கோத்தகிரிக்கு அருகேயுள்ள பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். பெரியவரும் சிறியவருமாய் வெள்ளை ஆடை உடுத்தி, ஊர் ஊராய் நடந்து வருவார்கள். அந்தக் குளிரில் அத்தனை பேர் சேர்ந்து நடப்பதைப் பார்த்தால், குளிருக்கு அஞ்சாத ஜனங்கள் என்று நீங்களே சொல்வீர்கள்.

கருகிய கொழுந்தும் குறைந்த கூலியும்

இனி தேயிலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீலகிரியில் பல்லாயிரக்கணக்கான சிறு விவசாயிகள் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு, பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். உறைபனி இறங்கினால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, மெல்லிய திசுக்கள் உடைந்துபோகின்றன. காலையில் பார்க்கும்போது செடி வெள்ளையாய் இருக்கும். வெயில் ஏறினபின் வெந்ததுபோல வாடி, ஓரிரு நாளில் பழுப்பாகிக் கருகிவிடும். செடி பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் மறுபடி கொழுந்து விட வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை அந்தத் தோட்டத்தில் வருமானம் இல்லை.

இதைத் தடுக்கச் சிலர் காய்ந்த பெரணியையும் தழைகளையும் வெட்டிவந்து செடிகளின்மேல் பரப்பி மூடுகிறார்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் விடியுமுன் தெளிப்பான் வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். குளிரில் தண்ணீர் தெளிப்பதா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளிவிடும். விடாமல் தெளித்துக்கொண்டிருந்தால், இலை பூஜ்யம் டிகிரிக்கு மிகக் கீழே போகாமல் அது காப்பாற்றும். பாதியில் நிறுத்தினால் கேடு அதிகமாகும். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போட்டவர்களும் இப்படியே காக்கிறார்கள். இரவு முழுவதும் கண்விழித்து மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் விவசாயியின் பாட்டை எண்ணிப்பாருங்கள்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கருகாமல் தப்பிய கொழுந்து, குளிரில் மெதுவாய் வளர்வதால் மணம் மிகுந்திருக்கும். இந்த மாதங்களில் எடுக்கும் நீலகிரித் தேயிலை ‘ஃப்ராஸ்ட் டீ’ என்ற பெயரில் வெளிநாடுகளிலும் நல்ல விலைக்குப் போகிறது. ஆனால் அந்த மணத்தின் விலை எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்வதில்லை. பல சிறு தோட்டங்களில், பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. கொழுந்து குறைந்தால் கூலியும் குறையும். பனித்தண்ணீர் சொட்டுகிற செடிக்குள் விரலை விட்டுப் பறிக்கிறபோது விரல் மரத்துப்போகும். தோல் வெடித்து இரத்தம் கசியும். அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்து சமைப்பார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் இலங்கையின் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1964-ம் வருஷம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி-சிறிமாவோ உடன்படிக்கைப்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 1976-ல் டான்டீ நிறுவனமாயிற்று. தோட்டத் தொழிலாளர்கள் பலரும் இன்னும் லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். தகரக் கூரையும் ஒரு புல்வெளியைப் போலத்தான். தெளிந்த இரவில் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். உள்ளே இருப்பவர்களின் மூச்சே கூரையில் நீராய்ப் படிந்து, படுத்திருப்பவர்கள் மேல் சொட்டும்.

குளிர் தேடிப் போகும் உடல்கள்

குளிர்ந்த காற்று பள்ளத்தைத் தேடிப் போவதுபோல, நோயும் பலவீனமான உடலைத் தேடிப் போகிறது. முதலில் பச்சிளங்குழந்தைகள். குழந்தையின் உடல் சிறியது. சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். வயிற்றைத் தொட்டால் கதகதப்பாகவும், பாதத்தைத் தொட்டால் ஜில்லென்றும் இருந்தால், குழந்தை ஏற்கெனவே குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்திவிடுவதே மிகச் சிறந்த வைத்தியங்களில் ஒன்று. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் 1978-ல், இன்குபேட்டர் போதாத ஒரு சூழ்நிலையில் தொடங்கிய இந்த முறையை, இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பணம் கேட்காத கணப்பு தாயின் உடல்தான்.

அடுத்து நிமோனியா. சளி, இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு நிமிஷம் முழுவதும் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதற்குக் கடிகாரம் ஒன்று போதும். படித்தவர்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை.

முதியவர்களுக்குக் குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாத மாதங்கள் இவை. குளிருக்கு இதமென்று சாராயம் குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது தோலைச் சூடாக்குவதுபோலக் காட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

சத்தமில்லாமல் வரும் சாவு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரியத்துக்கு வருகிறேன். குளிர் தாங்காத இரவில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒரு பழைய சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு, தணலானதும் அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்துவார்கள். இடுக்குகளில் துணியைத் திணிப்பார்கள். குழந்தைகளை நடுவில் படுக்கவைத்துத் தூங்குவார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர்களும் இறந்திருக்கிறார்கள். சந்தோஷமாய் விடுமுறைக்கு வந்த வாலிபர்களும் இறந்திருக்கிறார்கள்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல்கூட இல்லை. விறகு புகைந்தால் இருமல் வந்து எழுப்பிவிடும். நன்றாய்ப் பழுத்த கரியோ புகையே விடாது. புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று எண்ணுகிறோம், அங்கேதான் மோசம்போகிறோம். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இந்த வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிக பலமாய் ஒட்டிக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடமில்லாமல் போகும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு மயக்கம். விழித்திருப்பவர் ஏதோ சரியில்லை என்று வெளியே வரலாம். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்குத் தாயைவிட ஆபத்து அதிகம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் சிறு கருவியைப் பலர் வாங்கினீர்கள். இந்த விஷயத்தில் அதை நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்று எண்ணி, சரியான அளவையே காட்டும்.

ஒரே அறையில் தூங்கின இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாய்த் தலைவலியும் வாந்தியும் வந்தால், சாப்பாட்டில் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். கதவைத் திறந்து, எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அறையில் கரி நெருப்பு இருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில், இரத்தத்தில் ஏறிய இந்த வாயு பாதியாய்க் குறைய நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்தமான பிராணவாயு கொடுத்தால் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அந்த வித்தியாசம்தான் உயிர்.

‘ஜன்னலை லேசாய்த் திறந்து வைத்தால் போதாதா?’ என்று கேட்கிறார்கள். போதாது. மூடிய இடத்தில் தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் கரி நெருப்பு இருக்கவே கூடாது. கூடாரத்துக்கும், வேனுக்குள் தூங்கும் டிரைவருக்கும், காற்றோட்டமில்லாத குளியலறையில் ஓடும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான்.

நீங்கள் செய்யக்கூடியது

குளிர்காலத்தில் மலைக்கு அனுப்பும்படி உங்களில் பலர் ஸ்வெட்டரும் கம்பளியும் சேர்த்து வைக்கிறீர்கள். அது வீண்போவதில்லை. அதோடு குழந்தைகளுக்குக் குல்லாய், காலுறை, தரையில் விரிக்கத் தடித்த விரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஏறும் குளிரை மேலே போர்த்துகிற கம்பளி தடுக்காது. கீழே விரிக்கிற விரிப்புதான் தடுக்கும். படுக்குமுன் சுடுதண்ணீரை ரப்பர் பையில் ஊற்றி, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் கரிச்சட்டியின் அவசியமே இருக்காது. குழந்தையின் தோலில் மட்டும் அது நேரே படக்கூடாது.

ஆனால் பார்சலில் கட்டி அனுப்ப முடியாத ஒன்று இருக்கிறது. அது இந்தச் செய்தி. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ குளிர்காலத்தில் மலைக்கு வந்து தங்கும்போது, விடுதிக்காரரிடம் கரிச்சட்டி கேட்காதீர்கள். அவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் வேண்டாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டி வருகிற தம்பியிடம் சொல்லுங்கள். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வது மலையின் நல்ல வழக்கம். பெரியவர்கள் கதை சொல்வதும், பிள்ளைகள் கிழங்கு சுட்டுத் தின்பதும் அதைச் சுற்றித்தான். அதை விட்டுவிடும்படி யாரும் சொல்லவில்லை. திறந்த வாசலில், விழித்திருக்கும்போது காயுங்கள். தூங்கப் போகுமுன் தணலை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்து படுங்கள்.